தியேட்டரை இடைவேளையில் பார்க்கணும்

ஒரு தியேட்டர் நல்லதா இல்லையா என்று திரையைப் பார்த்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான். அட்மாஸ் சவுண்டு இருக்கா, லேசர் புரொஜெக்டரா, சீட் எவ்வளவு சாயும் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் போடுவார். என் அம்மாவின் கணக்கு வேறு. இடைவேளை விளக்கு எரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போவாள். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இந்தத் தியேட்டருக்கு இனி வருவாளா மாட்டாளா என்று. படம் எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

எனக்கும் வயது ஏற ஏற அம்மா கட்சிதான் சரியென்று படுகிறது. தியேட்டருக்குக் கூட்டம் குறைந்துபோனதற்கு ஓடிடியைச் சொல்கிறார்கள், டிக்கெட் விலையைச் சொல்கிறார்கள், படமே சரியில்லை என்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் தியேட்டருக்குப் போவதை நிறுத்தியது ஓடிடி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே. அது ஏன் என்று எந்தத் தியேட்டர்காரரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மூன்று தியேட்டர் இருந்தது. ஒன்று இப்போது கல்யாண மண்டபம். இன்னொன்றில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் படம் ஓடுகிறது. பெரிய ஊர்களின் கதையும் இதுதான். மதுரையில் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கு மேல் இருக்கை. ஆசியாவிலேயே பெரிசு என்று ஊரே பெருமையடித்துக்கொண்டது. அது நின்ற இடத்தில் இன்றைக்கு ஜவுளிக்கடை. சென்னை அசோக் நகருக்கே அடையாளமாக இருந்த உதயம், 1983-ல் வந்தது, 2024-ல் மூடிவிட்டார்கள்.

அம்மா படம் பார்க்கப் பழகியது டூரிங் டாக்கீஸில். கீற்றுக் கொட்டகை. தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் பின்னால் இருப்பவள் முதுகில் குத்துவாள். சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் சாமி பாட்டு ஆரம்பித்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பாதி வெந்த சோற்றை வடித்து வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்களாம்.

“அங்க மட்டும் கக்கூஸ் இருந்துச்சாம்மா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அங்க ஏதுடி. ஓலைத் தட்டி மறைப்புதான். ஆனா இருட்டு இருந்துச்சு, கூட நாலு பொம்பளைங்க இருந்தாங்க. தட்டிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் மாமனோ மச்சானோதான். இப்ப வெளிச்சம் போட்டுட்டான், கூட வர ஆளத்தான் காணோம்.”

கட்டடத் தியேட்டர் வந்தபோது பெண்களுக்குத் தனிக் கவுண்டர் வந்தது. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக நெளிந்து போய், கை மட்டும் நுழைகிற ஓட்டையில் காசை நீட்டி டிக்கெட் வாங்க வேண்டும். ஆண்கள் கூண்டில் சட்டை கிழியும். பெண்கள் கூண்டு காலியாக இருக்கும். அதனால் முன்பின் தெரியாத பையன்கள் எல்லாம் எங்களுக்குத் தம்பி ஆகிவிடுவார்கள். “அக்கா, ரெண்டு சேத்து எடுத்துக் குடுங்கக்கா” என்று கம்பிக்கு வெளியிலிருந்து நோட்டைத் திணிப்பார்கள். அம்மா வாங்கிக் கொடுப்பாள். சில்லறை மிச்சத்தை ஒழுங்காக எண்ணியும் கொடுப்பாள். ஆளுக்கு இவ்வளவு டிக்கெட்தான் என்று கவுண்டரில் இருப்பவர் கத்துவார், அப்புறம் அவரே கிழித்துத் தருவார். இன்று செல்போனில் சீட்டைத் தொட்டுப் பச்சையாக்கிவிட்டு வருகிறோம், ஒரு டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் புக்கிங் கட்டணம் தண்டம். சொகுசுதான், மறுக்கவில்லை. அந்தக் கூண்டுக்கு எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது.

வீட்டுக்காரரின் கட்சிக்கும் நியாயமாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினாலு ரீலாவது வேண்டும். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டினால், இங்கே ஓடி முடிந்த ரீலைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் அங்கே சைக்கிள் மிதிப்பான். அவன் வழியில் டீ குடித்தால் அங்கே படம் நிற்கும். பழைய மெஷினில் கார்பன் குச்சி இரண்டையும் சரியான இடைவெளியில் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் வெளிச்சம் நிலைக்கும். ஆபரேட்டர் கண்ணசந்தால் கதாநாயகி முகம் மஞ்சளாகி, பிறகு கருத்துப்போகும். விசில் பறக்கும். அந்த விசிலுக்கு உடனே பலன் கிடைத்தது என்பதுதான் முக்கியம். மேலே ஒரு மனிதர் இருந்தார், அவர் காதில் அது விழுந்தது.

இப்போது படம் ஹார்ட் டிஸ்கில் வருகிறது, அல்லது சாட்டிலைட் வழியாக இறங்குகிறது. எந்தத் தியேட்டரில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை ஓடலாம் என்பதற்கு கே.டி.எம். என்று ஒரு டிஜிட்டல் சாவி. தயாரிப்பாளருக்கும் ஃபைனான்சியருக்கும் கணக்குத் தீரவில்லை என்றால் அந்தச் சாவி வராது. முன்பு ரீலுக்குக் காத்திருந்து “பெட்டி வந்துருச்சா?” என்று கேட்ட அதே வாசலில் “கே.டி.எம். வந்துருச்சாண்ணே?” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பெட்டிக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள், கே.டி.எம்முக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெளிச்சம் குறைகிற வியாதி மட்டும் போகவில்லை. புரொஜெக்டரில் எரியும் செனான் விளக்குக்கு இத்தனை மணி நேரம் என்று ஆயுள் உண்டு. விலை அதிகம் என்பதால் ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து பவரையும் குறைத்து வைப்பார்கள். 3டி ஓட்டுவதற்காக வெள்ளித் திரை மாட்டிய தியேட்டரில் சாதாரணப் படம் பார்த்தால், நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். அமாவாசைக் காட்சி எல்லாம் வெறும் வசனம்தான். முன்பென்றால் விசிலடித்திருப்பார்கள். இப்போது படத்தின் ஒளிப்பதிவு சரியில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கேமராமேன் பாவம். இந்த ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரர் சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்: இருட்டுப் படத்துக்குக் காசு கொடுப்பது ஏமாளித்தனம்.

சரி, இடைவேளை.

மிச்சமிருக்கிற அந்த ஒரு தியேட்டரில் முன்பெல்லாம் பெண்கள் கழிப்பறை, திரைக்குப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நடந்து, ஜெனரேட்டர் ரூமைத் தாண்டிப் போனால் வரும். மூன்று அறை. ஒன்றில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒன்றில் பல்பு இல்லை. மூன்றாவதில் பல்பு எரிந்தது, தாழ்ப்பாள் இல்லை. அதனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே. தனியாக வந்தவள், வரிசையில் அடுத்து நிற்பவளைத்தான் நம்பியாக வேண்டும். அங்கே எத்தனையோ பேருக்கு நான் கதவு பிடித்திருக்கிறேன், எனக்கும் பிடித்திருக்கிறார்கள். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. உள்ளேயிருந்து “அக்கா, இருக்கீங்களா?” என்று குரல் வரும். “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் உள்ளே படம் போட்டுவிடுவார்கள். இரண்டாம் பாதியின் முதல் பாட்டை அந்தத் தியேட்டரில் முழுசாகப் பார்த்த பெண் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

அம்மா ஒரு நாள் நேரே மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். அவர் டிக்கெட் அடிக்கட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தக் கதவுல ஒரு தாப்பாள் போடக் கூடாதா?”

“சொல்லியிருக்கோம்மா. ஆசாரி வரல.”

“பொங்கலுக்கு வந்தப்பவும் ஆசாரி வரலன்னுதான சொன்னீங்க?”

“லேடீஸே இப்ப ரொம்ப வர்றதில்லம்மா.”

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், “வராததால தாப்பாள் போடலங்கிறான். தாப்பாள் இல்லாததாலதான் வரலைன்னு அவன்கிட்ட யாரு சொல்றது?” என்றாள். அப்புறம் அந்தத் தியேட்டருக்கு அவள் போகவில்லை. அவளோடு சேர்ந்து போகிற பக்கத்து வீட்டு அத்தை போகவில்லை, பூக்காரம்மா போகவில்லை. அவர்கள் போகாததால் வீட்டுப் பிள்ளைகளும் போகவில்லை. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்?

கேன்டீனுக்கு வருவோம். சின்ன ஊர்த் தியேட்டரில் கேன்டீனும் வண்டி ஸ்டாண்டும் பெரும்பாலும் குத்தகை. எடுத்தவர் போட்ட பணத்தை அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தட்டை ஏந்திக்கொண்டு சீட்டுக்கே வருவார்கள். முறுக்கு, கடலை மிட்டாய், கோன் ஐஸ். சோடா பாட்டிலைத் திறப்பானால் ‘கிர்ர்ர்’ என்று தேய்த்துக்கொண்டே இருட்டுக்குள் நடக்கும் பையனின் சத்தம், உருக்கமான சாவுக் காட்சியில்கூடக் கேட்கும். சமோசா என்றால் சின்னது, வெங்காயம் வைத்தது, எண்ணெய் சொட்டும் பேப்பரில் நாலு கட்டித் தருவார்கள். விலை வெளியே விற்பதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், யாரும் சண்டை போட்டதில்லை.

இன்று மதுரை மாலில் இருக்கும் மல்டிபிளெக்ஸ் ஒன்றுக்குப் போனால் பாப்கார்ன் விலை டிக்கெட்டைத் தாண்டுகிறது. இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மல்டிபிளெக்ஸில் சாதாரண சீட்டுக்கு வரியோடு 200 ரூபாய்க்குள்தான். அதிலும் முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். பாப்கார்னில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது. ஆகவே சோளப்பொரி தியேட்டரைக் காப்பாற்றுகிறது, நாம் சோளப்பொரியைக் காப்பாற்றுகிறோம். பாட்டில் தண்ணீருக்கு, குளிர்பானத்துக்கு ஊருக்கு ஒரு எம்.ஆர்.பி., தியேட்டருக்கு ஒரு எம்.ஆர்.பி. என்று அச்சடிக்கக் கூடாதென்று 2018 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனால் அட்டை டப்பாவில் அள்ளிப் போட்டுத் தரும் பொரிக்கு எம்.ஆர்.பி. எங்கே இருக்கிறது?

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்கிற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தியேட்டர் தனியார் இடம், வேண்டாமென்று சொல்ல அதற்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பு. ஜிலேபி தின்றுவிட்டுக் கையை சீட்டில் துடைத்தால் சுத்தம் செய்வது யார் என்கிற மாதிரி விசாரணையில் பேச்சு வந்ததைப் பத்திரிகைகள் ரசித்துப் போட்டன. எல்லோரும் ஜிலேபியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரைத் தியேட்டர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருப்பதை யாரும் பெரிசாகச் சொல்லவில்லை. வாசலில் பையைத் துழாவும் பெண், பால் புட்டியை எடுத்து வெளியே வை என்று சொல்லும்போது தைரியமாக இதைச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் பாவம், மேலே சொன்னதைச் செய்கிறவள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து விட்டுவிட்டாள்.

டிக்கெட் விலையைப் பற்றி அதிகம் புலம்ப எனக்கு மனசில்லை. சென்னை மல்டிபிளெக்ஸ்களிலேயே முன்வரிசைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் இருந்த மாநிலம் இது. கழுத்து வலித்தாலும் பார்த்துவிட்டு வரலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 28 சதவீதம் வரை, அதற்கு மேல் மாநிலத்தின் உள்ளாட்சி கேளிக்கை வரி 30 சதவீதம் என்று வந்தபோது தியேட்டர்காரர்கள் நாலு நாள் மூடிப் போராடினார்கள். பிறகு படிப்படியாகக் குறைந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். எங்கள் ஊர் டிக்கெட் அந்த வரம்புக்குள் வருகிறது, அதாவது சாதாரண நாளில். பெரிய நடிகர் படம் வந்த முதல் மூன்று நாள், விலை அச்சடித்த பகுதியை மட்டும் லாவகமாகக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். கேட்டால், “வேணாம்னா திங்கக்கிழமை வாங்கக்கா” என்பார்கள். நான் திங்கட்கிழமைதான் போகிறேன்.

முதல் நாள் கூட்டம் எனக்குப் பிடிக்கும், தூரத்திலிருந்து. தாரை தப்பட்டை, பால் பாக்கெட், பேப்பர் வெட்டி வீசுவது எல்லாம் அவர்கள் திருவிழா. ஆனால் 2023 ஜனவரியில் சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஓடும் லாரியில் ஏறி ஆடிய ஒரு இளைஞன் விழுந்து இறந்துபோனான். அதன் பிறகுதான் விடியற்காலைக் காட்சிகள் நின்று, காலை ஒன்பது மணிக்கு முதல் காட்சி என்றானது. அதே ஆண்டு மார்ச்சில், சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் நிறுத்திய வீடியோவை எல்லோரும் பார்த்தோம். சண்டைக்குப் பிறகு விட்டார்கள். பிள்ளைக்கு வயது போதாது, படத்தின் சென்சார் சான்றிதழ் இன்னது என்று விளக்கம் வந்தது. சான்றிதழ்தான் பிரச்சினை என்றால் அன்றைக்கு எத்தனை குடும்பத்தை நிறுத்தினார்கள்? சில்க் சட்டை போட்டுக்கொண்டு கைக்குழந்தையோடு இரவுக் காட்சிக்கு வருகிறவரை எந்த வாசலிலும் யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை நான். தரை டிக்கெட் காலத்தில்கூட, காசு கொடுத்தவனுக்கு மணலில் இடம் இருந்தது.

செல்போன் வெளிச்சம், பக்கத்து சீட்டில் கதையை முன்கூட்டியே சொல்லும் அண்ணன், முன் சீட்டை உதைக்கும் பிள்ளை: இதெல்லாம் எழுதினால் முடியாது, எல்லோருக்கும் தெரிந்தது. வெளியே வந்ததும் மைக்கை நீட்டி “படம் எப்படிங்க?” என்று கேட்கும் பையன்களை 2024-க்குப் பிறகு கொஞ்சம் குறைவாகத்தான் பார்க்கிறேன். தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள், வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். படத்தைப் பற்றிக் கேட்ட அந்த மைக்கில் ஒன்றாவது, கழிப்பறை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கலாம்.

கொரோனாவில் மூடி, 2020 நவம்பர் 10-ல் பாதி இருக்கையோடு மறுபடி திறக்கச் சொன்னபோது எங்கள் ஊர்த் தியேட்டர் திறக்கவில்லை. எலி சீட்டைக் குதறி, கூரை ஒழுகி, அவ்வளவுதான் என்று நினைத்தோம். பிறகு வேறு ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். ஏசி போட்டார். பால்கனியைத் தனியாகப் பிரித்து இரண்டாவது ஸ்க்ரீன் ஆக்கினார். வீட்டுக்காரர் சந்தோஷமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சப்தத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நான் கேட்ட ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பக்கமே போகவில்லையாம்.

அம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். புதன்கிழமை மேட்னி. கூட்டமில்லை. இடைவேளையில் வழக்கம்போல எழுந்து போனாள், நானும் பின்னாலேயே போனேன். வெளியே போய் ஜெனரேட்டரைச் சுற்ற வேண்டியதில்லை, உள்ளேயே படிக்கட்டுக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள். டைல்ஸ், பைப்பில் தண்ணீர், கதவுக்குப் பின்னால் கைப்பை மாட்ட ஒரு கொக்கி. கொக்கியைப் பார்த்ததும் அம்மா சிரித்துவிட்டாள். “எவளோ பொம்பளைகிட்ட கேட்டுக் கட்டியிருக்கான்” என்றாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். அடுத்த வாரமே அத்தையையும் பூக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு அவளாகவே போய்விட்டு வந்தாள். என்ன படம் என்று கேட்டால் நடிகர் பேரை மாற்றிச் சொன்னாள்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. கேன்டீன் பக்கத்தில் குடிதண்ணீர் மெஷின் வைத்திருக்கிறார்கள், நல்ல தண்ணீர்தான், டம்ளர் கிடையாது. குடிக்க வேண்டுமென்றால் கேன்டீனில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பேப்பர் கப் வாங்க வேண்டும். தண்ணீர் இலவசம், கப்புக்குத்தான் காசு என்கிறார் அந்தப் பையன், ரொம்ப மரியாதையாக. அம்மா இப்போது வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போகிறாள். வாசலில் பையைப் பார்க்கும் பெண் வெளிச் சாப்பாடு கூடாது என்றாள். டம்ளருக்குள் ஒன்றுமில்லை என்று கவிழ்த்துக் காட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். நான் கலெக்டருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தியேட்டர் நடத்த சி ஃபார்ம் உரிமம் கொடுப்பது அவர்தானே. லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம் பார்த்துக் கொடுத்தால் வேலை நடக்கும் என்று தெருவில் இருக்கிற வக்கீல் சார் சொல்கிறார். அது எந்த மாசம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.